கிளிப்போர்டு வரலாறு: கோத்தகிரிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் தட்டச்சு, ஜெராக்ஸ், இணையவழி விண்ணப்பம் ஆகியவற்றுக்கான சிறிய கடை ஒன்றை நடத்திவருகிறேன். சிறு தேயிலை விவசாயிகள், இலைக் கணக்கு எழுதுவோர், விருந்தினர் இல்லம் வைத்திருப்போர், பள்ளி ஆசிரியர்கள் எனப் பலரும் தங்கள் கணினியில் ‘காப்பி’ செய்த பழைய ஒன்றை மறுபடி எடுப்பது எப்படி என்று என்னிடம் கேட்பதுண்டு. அக்கேள்விகளையும் நான் சொல்லிவந்த விடைகளையும் இங்கே எழுதிவைக்கிறேன். கடையில் இருப்பவை விண்டோஸ் கணினிகள் என்பதால் விடைகளும் பெரும்பாலும் அதைச் சார்ந்தே இருக்கும். லினக்ஸ், மேக் பயன்படுத்துவோருக்கும் நடுவில் ஒரு விடை உண்டு.

கிளிப்போர்டு என்பது என்ன? அதற்கு ஏது வரலாறு?

கண்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்தும்போது, தேர்ந்தெடுத்த எழுத்தோ படமோ கணினியின் நினைவகத்தில் ஓரிடத்தில் போய் உட்கார்கிறது. கண்ட்ரோலுடன் வி அழுத்தினால் அங்கிருந்து எடுத்து ஒட்டப்படுகிறது. அந்த இடத்துக்குத்தான் கிளிப்போர்டு என்று பெயர். கலைச்சொல் பட்டியல்களில் ‘பிடிப்புப்பலகை’ என்று பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு என்பதே இதன் குறை. இரண்டாவதாக ஒன்றை நகலெடுத்த உடனே முதலில் இருந்தது எழுந்து போய்விடும். போனது எங்கே போயிற்று என்று கேட்கவும் வழியில்லை.

வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற இந்த முறையைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களாக லாரி டெஸ்லரையும் அவருடைய சக பணியாளர் டிம் மாட்டையும் குறிப்பிடுவார்கள். 1970-களின் நடுவில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் அவர்கள் அதை உருவாக்கினார்கள். நகலெடுக்கும் கடைக்கே நம் ஊரில் ‘ஜெராக்ஸ் கடை’ என்று பெயர் வைத்துவிட்டோம் என்பதால் இந்தத் தகவல் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். 1983-இல் ஆப்பிளின் லிசா கணினியும் மறு ஆண்டு மேக்கின்டாஷும் வந்தபின் இந்த முறை எல்லோர் கைக்கும் பரவியது. நாற்காலி மட்டும் அன்று முதல் ஒன்றாகவே இருந்துவருகிறது.

நகலெடுத்தவற்றை வரிசையாகக் குறித்துவைக்கும் மென்பொருளான வரலாற்று மேலாளர், அந்த நாற்காலிக்கு அருகில் நிற்கும் ஒரு கணக்குப்பிள்ளை. கிளிப்போர்டில் ஏதேனும் மாறினால், கேட்டுக்கொண்ட மென்பொருள்களுக்கு இயங்குதளம் தகவல் சொல்லும். உடனே மேலாளர், நாற்காலியில் புதிதாக உட்கார்ந்ததன் பிரதி ஒன்றைத் தன் பட்டியலில் எழுதிக்கொள்ளும். பிறகு நீங்கள் பட்டியலைத் திறந்து பழைய ஒன்றைத் தொட்டால், அதை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்து, ஒட்டும் கட்டளையையும் தானே கொடுத்துவிடும். ஆகவே மேலாளரை இயக்குவதற்கு முன் நகலெடுத்து இழந்தவற்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. “நேற்று காப்பி பண்ணினது வேணும்” என்று இன்று வருகிறவர்களிடம் இதை வருத்தத்தோடுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் எழுதுவதே நாலு கடிதம். எனக்கு இது தேவையா?

நாலு கடிதம் எழுதுபவருக்குத் தேவையில்லை. ஒரே மாதிரியான விவரங்களை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் நிரப்புகிறவருக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒரு விவசாயியின் விண்ணப்பத்தை நிரப்பும்போது அவர் பெயர், தந்தை பெயர், கிராமம், புல எண், உட்பிரிவு எண், வங்கிக் கணக்கு எண், வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு என ஏழு விவரங்கள் வேண்டும். பழைய வழியில், பட்டா இருக்கும் சன்னலுக்கும் படிவம் இருக்கும் சன்னலுக்கும் ஏழு முறை போய்வர வேண்டும். வரலாறு இயங்கிக்கொண்டிருந்தால் ஏழையும் வரிசையாக நகலெடுத்துவிட்டு, ஒரே தடவை படிவத்துக்கு வந்து ஒவ்வொன்றாக ஒட்டிவிடலாம்.

தட்டச்சு செய்தால் ஆகாதா என்று கேட்கலாம். நெடுகுளா, ஜக்கனாரை, அரவேணு போன்ற ஊர்ப் பெயர்களைப் பட்டாவில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் எழுதியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எந்தப் பதிவை எடுக்கிறோமோ அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும் என்றால் நகலெடுப்பதே உத்தமம். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் 11 இடங்களில் 5-ஆவது இடம் எப்போதும் சுழியம்தான். அதை ஆங்கில ‘ஓ’ எழுத்தாகத் தட்டிவிட்டு, பணம் ஏன் வரவில்லை என்று அலைந்தவர்கள் உண்டு.

விண்டோஸில் இதை எப்படி இயக்குவது?

தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. விண்டோஸ் 10-க்கு 2018 அக்டோபரில் வந்த புதுப்பிப்பிலிருந்து இது உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 11-லும் உண்டு. விசைப்பலகையில் சன்னல் படம் போட்ட விண்டோஸ் விசையை அழுத்தியபடி வி விசையை அழுத்துங்கள். முதல் முறையாக இருந்தால், இயக்கட்டுமா என்று ஒரு சிறு பெட்டி கேட்கும், ஒப்புக்கொண்டால் போதும். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் கிளிப்போர்டு என்ற பக்கத்திலும் இதே பொத்தான் இருக்கிறது. அதன்பின் நகலெடுக்கும் வழக்கம் எதுவும் மாறாது. பழையதை எடுக்கும்போது மட்டும் கண்ட்ரோலுக்குப் பதில் விண்டோஸ் விசையை அழுத்தி, பட்டியலில் வேண்டியதைத் தொடவேண்டும். அம்புக்குறி விசைகளால் இறங்கி என்டர் தட்டினாலும் ஒட்டிக்கொள்ளும்.

பட்டியலில் 25 உருப்படிகள் வரை நிற்கும். 26-ஆவது வந்தால் மிகப் பழையது கழிந்துவிடும். ஓர் உருப்படி 4 மெகாபைட்டுக்கு மேல் இருந்தால் பட்டியலில் ஏறாது. சாதாரண எழுத்துகள் அந்த அளவைத் தொடுவதே இல்லை, பெரிய ஸ்கேன் படங்கள் தொடும்.

கோப்பைக் காப்பி செய்தால் பட்டியலில் வரவில்லையே?

வராது. எழுத்து, வடிவமைப்போடு கூடிய எழுத்து, படம் ஆகிய மூன்றையே விண்டோஸின் வரலாறு சேர்த்துவைக்கும். கோப்புறையிலிருந்து ஒரு பி.டி.எஃப். கோப்பையே நகலெடுத்தால் அது வழக்கம்போல ஒட்டப்படும். ஆனால் பட்டியலில் பதிவாகாது.

கரண்ட் போனால் எல்லாம் போய்விடுமா?

போய்விடும், பின் குத்திவைத்தவை தவிர. கணினியை அணைத்து இயக்கினாலும் இதே கதைதான். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரி, குன்னூர் பக்கமும் மரம் விழுந்து கம்பி அறுவது நமக்குப் புதிதல்ல, யு.பி.எஸ். பெட்டி தரும் சில நிமிடங்களில் கோப்பைச் சேமிக்கலாமே ஒழிய 25 உருப்படிகளைக் காப்பாற்ற முடியாது. ஒவ்வொரு உருப்படியின் பக்கத்திலும் குண்டூசி போன்ற குறி ஒன்று இருக்கும். அதைத் தொடுவதுதான் ‘பின் குத்துவது’. தொட்டால் அந்த உருப்படி மட்டும் கணினி நின்று கிளம்பிய பின்பும் அப்படியே இருக்கும்.

ஆனால் பின் குத்திய பட்டியலையே நிரந்தரக் குறிப்பேடாக வைத்துக்கொள்ளாதீர்கள். விருந்தினர் இல்லம் நடத்தும் அம்மா ஒருவர் இல்லத்தின் முகவரி, வழி, அறை விதிகள், இ-பாஸ் பற்றிய குறிப்பு என எல்லாவற்றையும் பின் குத்திவைத்திருந்தார். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டியிருப்பதால், அதைப் பற்றி வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலை அவர் அனுப்பவேண்டியிருந்தது. கணினியை ‘ஃபார்மேட்’ செய்து, அதாவது முழுவதும் அழித்து, புதிதாக விண்டோஸ் ஏற்றியபோது அத்தனையும் போயிற்று. இப்படி மாதக் கணக்கில் பயன்படும் வாசகங்களை நோட்பேட் கோப்பு ஒன்றில் எழுதி, பென்டிரைவில் இன்னொரு பிரதியும் வைத்துக்கொள்வதே சரி. பின் குத்துவது இந்த வாரத்து வேலைக்கு. குறிப்புக் கோப்பு இந்த வருடத்து வேலைக்கு.

25 போதவில்லை. வேறு மென்பொருள் உண்டா?

உண்டு. விண்டோஸுக்கு ‘டிட்டோ’ என்ற இலவசமான, திறந்த மூல மென்பொருளை நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். நகலெடுத்தவற்றைக் கணினியின் வன்வட்டில் ஒரு தரவுத்தளமாக எழுதிவைப்பதால் மின்சாரம் போனாலும் பட்டியல் அழியாது. எத்தனை வைத்திருப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது என்று நாமே சொல்லலாம். தட்டித் தேடவும் முடியும். விண்டோஸின் சொந்தப் பட்டியலில் நகலெடுத்தவற்றுக்குள் தேடும் வசதி இல்லை என்பதால் இந்த ஒன்றுக்காகவே பலர் டிட்டோவுக்கு வந்துவிடுகிறார்கள். விண்டோஸ் 7 இன்னும் ஓடும் பழைய கணினிகளிலும் இது இயங்குகிறது. (அந்த விண்டோஸுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது, அதில் வங்கி வேலை பார்க்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.)

‘காப்பிக்யூ’ என்ற இன்னொன்று விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். உருப்படிகளைத் தனித்தனித் தாவல்களில் பிரித்து வைக்கலாம், பட்டியலிலேயே திருத்தவும் செய்யலாம். வசதி அதிகம், பழகவும் அதிக நாள் ஆகும்.

லினக்ஸில் கே.டி.இ. மேசைத்தளம் வைத்திருப்போருக்கு ‘கிளிப்பர்’ கூடவே வருகிறது. எக்ஸ்11 என்ற பழைய திரைக் காட்சி முறையில் ஓடும் லினக்ஸில் நம் ஊர்ப் பிள்ளைகளைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு: அங்கே நகலெடுத்த பொருள், எந்த மென்பொருளில் நகலெடுத்தோமோ அதன் கையிலேயே இருக்கும், அதை மூடிவிட்டால் ஒட்டுவதற்கு ஒன்றும் இராது. வரலாற்று மேலாளர் ஓடிக்கொண்டிருந்தால் அது தன்னிடமுள்ள பிரதியைத் தந்துவிடும். எழுத்தைச் சுட்டியால் தேர்ந்தெடுத்தாலே போதும், நடுப் பொத்தானால் ஒட்டலாம் என்ற இரண்டாவது நாற்காலியும் அங்கே தனியாக இருக்கிறது. மேக்கில் ‘மேக்கி’ என்ற திறந்த மூல மென்பொருள் நன்றாக இருக்கிறது. 2025-இல் வந்த மேக் இயங்குதளத்தின் டஹோ பதிப்பிலிருந்து ஸ்பாட்லைட் தேடலுக்குள்ளேயே இந்த வசதி வந்துவிட்டது.

எம்.எஸ். ஆஃபீஸுக்குள் தனியாக ஒரு கிளிப்போர்டு பலகம் இருப்பதை அறிந்தவர் குறைவு. வேர்டின் ஹோம் பட்டையில் இடது ஓரத்தில் கிளிப்போர்டு என்று எழுதியிருக்கும் மூலையைத் தொட்டால் திறக்கும். 24 உருப்படிகள் வரை வைத்திருக்கும். வேர்டும் எக்செலும் மட்டுமே பயன்படுத்துவோருக்கு இதுவே போதும்.

தமிழில் காப்பி செய்தது பட்டியலில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறதே, மேலாளர் கெடுத்துவிட்டதா?

கெடுக்கவில்லை, உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறி எண் தரும் பொது முறையான யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். அவற்றில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டும். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். வேர்டிலிருந்து வேர்டுக்கு ஒட்டும்போது எழுத்துருவின் பெயரும் கூடவே போவதால் சட்டை கழலாது. வரலாற்றுப் பட்டியலோ வெறும் எழுத்தை மட்டும் காட்டுவதால் சட்டை கழன்று நிற்கிறது. இணையப் படிவத்தில் ஒட்டினாலும் இதே நிலைதான். படிவத்தைப் பார்க்கும் அலுவலருக்கும் அந்தக் குப்பைதான் தெரியும்.

ஆகவே பட்டியலில் குப்பையாகத் தெரிந்தால் அதை நல்ல எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, பிறகு நகலெடுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் மூல எழுத்துரு எது என்று சரியாகச் சொன்னால் ஒரே தட்டலில் மாறிவிடும். தவறாகச் சொன்னால் குப்பை வேறு குப்பையாகும். மாற்றியபின் எண்களையும் நிறுத்தக்குறிகளையும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள், ஏனெனில் அரைப்புள்ளி போன்ற குறிகள் பழைய முறைகளில் தமிழ் எழுத்தின் பகுதியாக வேலை பார்த்தவை. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய மாதிரிக் கோப்புகளை வைத்துக்கொண்டு அதன்மேலேயே தட்டச்சு செய்யும் வழக்கம் இன்னும் பல கடைகளில் போகவில்லை. என் கடையிலும் திருமண அழைப்பிதழ் வேலைக்காக இரண்டு பழைய எழுத்துருக்கள் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பி.டி.எஃப். கோப்புகளிலிருந்து எடுக்கும் தமிழ் கொஞ்சம் வேறு நோய். திரையில் சரியாக இருக்கும். ஒட்டினால் கொம்பு முன்னே போய்விடும், கால் தனியே நிற்கும், சில எழுத்துகள் கட்டங்களாகும். அந்தக் கோப்பை உருவாக்கிய மென்பொருள், எந்த வடிவம் எந்த எழுத்து என்பதைச் சரியாக எழுதிவைக்காததே காரணம். நான்கு வரி என்றால் மறுபடி தட்டச்சு செய்வதே விரைவு.

டிட்டோவில் ‘கோத்தகிரி’ என்று தேடினால் வரவில்லை. பட்டியலிலோ கண்ணெதிரே இருக்கிறது. ஏன்?

யூனிகோடில் ‘கோ’ என்பதை இரண்டு வழிகளில் எழுதலாம். ககரத்தின் மேல் ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடுவது ஒரு வழி. ஏகாரக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகப் போடுவது மற்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமமாகக் கருதவேண்டும் என்பதே யூனிகோடின் விதி. எளிய தேடலோ குறியைக் குறியோடு ஒப்பிட்டுவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அந்த எழுத்தைத் தவிர்த்து ‘த்தகிரி’ என்று தேடினால் வந்துவிடும். ‘ஔ’ எழுத்தை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டியிருப்பதும் இதே போலத் தேடலுக்கு அகப்படாது. ஔவையார் பெயரிலேயே இந்தப் பிழையை வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

எக்செலில் ஒட்டும்போது எண்கள் மாறிவிடுகின்றன. வரலாற்றின் பிழையா?

வரலாற்றுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே எண் சரியாகவே இருக்கும். மாற்றுவது எக்செல். எண்ணைப் போலத் தெரியும் எதையும் அது கணக்குப் போடும் எண்ணாக எடுத்துக்கொள்ளும். அதனால் 04266 என்ற நம் தொலைபேசிக் குறியீட்டின் முன் சுழியம் போய்விடும்; 12 இலக்க ஆதார் எண் 1.23E+11 போன்ற வடிவத்துக்குச் சுருங்கிக் காட்சி தரும். அதைவிட ஆபத்தானது, 15 இலக்கங்களுக்கு மேற்பட்டவற்றை எக்செல் நினைவில் வைக்காது என்பது: 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். மாதம் பிறந்து இலைப் பணம் போடும் பட்டியலில் இது நேர்ந்தால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

நெடுவரிசையை முதலில் ‘டெக்ஸ்ட்’ வகையாக மாற்றிவிட்டு, பிறகு வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். ஒட்டியபின் மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

வெறும் எழுத்தாக ஒட்டுவது எப்படி?

குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் புதிய வேர்டு பதிப்புகளிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிறம், அளவு, எழுத்துரு எதுவும் வராமல் எழுத்து மட்டும் வரும். டிட்டோவிலும் காப்பிக்யூவிலும் இதற்குத் தனி வழி உண்டு.

மற்றவர்களின் ஆதார் எண், கடவுச்சொல் எல்லாம் இதில் பதிவாகுமா?

பதிவாகும். இந்தப் பக்கத்தில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒற்றை நாற்காலி என்ற குறையில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. முன்னால் வந்தவரின் எண் அடுத்த நகலோடு மறைந்துவிடும். வரலாற்றை இயக்கும்போது நாம் அந்த மறதியை எடுத்துவிடுகிறோம். என் கடையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். காலையில் கூட்டம், ஒருவருடைய படிவத்தில், அவருக்கு முன் வந்தவரின் ஆதார் எண்ணை ஒட்டிவிட்டேன். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து நின்றன, இரண்டும் 12 இலக்கம், என் விரல் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. ஆதாரின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால் தட்டச்சில் ஓர் இலக்கம் பிசகினால் படிவம் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் இது பிழையான எண் அல்லவே. சரியான எண், ஆள்தான் வேறு. எந்தச் சரிபார்ப்பும் அதைப் பிடிக்காது. சமர்ப்பிக்குமுன் கடைசி நான்கு இலக்கங்களை வாடிக்கையாளரிடம் வாசித்துக் காட்டும் பழக்கம் இருந்ததால் தப்பித்தேன்.

அன்று முதல் ஓர் ஆள் எழுந்து அடுத்த ஆள் உட்காருவதற்குள் பட்டியலை முழுவதும் அழித்துவிடுகிறேன். பின் குத்தியவை அந்த அழிப்பில் போகாது என்பதால், வாடிக்கையாளர் விவரம் எதையும் எக்காரணம் கொண்டும் பின் குத்துவதில்லை. டிட்டோ போன்றவற்றின் தரவுத்தளம் வட்டிலேயே தங்குவதாலும், அதைக் கணினியில் உட்காருகிற எவரும் திறந்து பார்க்க முடியும் என்பதாலும், பொதுமக்கள் வேலை நடக்கும் கணினியில் டிட்டோவை நிறுவவே இல்லை. அது என் சொந்தக் கணினியில் மட்டும் இருக்கிறது. விண்டோஸின் வரலாறு பயனர் கணக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஆகவே கடையில் இரண்டு பேர் வேலை பார்த்தால் இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்வது நல்லது.

கடவுச்சொற்களைப் பொறுத்தவரை, கீபாஸ் போன்ற கடவுச்சொல் மேலாளர்கள் நகலெடுக்கும்போது ‘இதைப் பதிவு செய்யாதே’ என்ற குறிப்பையும் சேர்த்தே வைக்கின்றன. விண்டோஸும் நல்ல வரலாற்று மேலாளர்களும் அக்குறிப்பை மதிக்கின்றன. கடவுச்சொல் மேலாளர்கள் சில வினாடிகளில் கிளிப்போர்டைத் தாமே காலி செய்தும் விடுகின்றன. ஆனால் நோட்பேடில் எழுதிவைத்த கடவுச்சொல்லை நகலெடுத்தால் அது கடவுச்சொல் என்று யாருக்கும் தெரியாது. மற்ற எழுத்துகளைப் போலவே பட்டியலில் ஏறி உட்கார்ந்துவிடும். டிட்டோவில் குறிப்பிட்ட மென்பொருள்களிலிருந்து நகலெடுப்பவற்றைச் சேர்க்க வேண்டாம் என்று விலக்கிவைக்கவும் முடியும்.

இதில் இன்னொரு வாசல் இருக்கிறது. பழுது பார்ப்பவர் வெளியூரிலிருந்து இணையம் வழியாக உங்கள் திரைக்குள் வரும்போது, பல மென்பொருள்களில் இரண்டு கணினிகளின் கிளிப்போர்டும் ஒன்றாகிவிடும். நீங்கள் இங்கே நகலெடுப்பது அங்கேயும் போகும், அங்கே வரலாறு இயங்கினால் பதிவாகவும் செய்யும். அவர் உள்ளே இருக்கும் வரை எதையும் நகலெடுக்காமல் இருங்கள்.

கைபேசியோடு இணைத்துக்கொள்ளலாமா?

மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் விண்டோஸ் கணினிகளுக்கிடையே ஒத்திசைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஸ்விஃப்ட்கீ விசைப்பலகை வைத்திருந்தால் கைபேசியோடும் இணைக்கலாம். நகலெடுத்தவை இணையம் வழியாக நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போய்த்தான் மறுபக்கம் வரும். வீட்டுக் கணினி என்றால் உங்கள் விருப்பம். மற்றவர்களின் ஆவணம் கையாளும் கணினியில் ஒத்திசைவுப் பொத்தானை அணைத்தே வையுங்கள்.

‘நான் ரோபோ அல்ல’ என்று நிரூபிக்க விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, பிறகு கண்ட்ரோல் வி, என்டர் அழுத்தச் சொல்லும் பக்கங்கள் வருகின்றன. செய்யலாமா?

செய்யவே கூடாது. 2024 முதல் பெருகிவரும் ஏமாற்று இது. நீங்கள் அந்தப் பக்கத்தில் ஒரு பொத்தானைத் தொட்ட நொடியில், நீங்கள் நகலெடுக்காத ஒரு கட்டளையை அது உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் திறப்பது கட்டளைகளை இயக்கும் பெட்டி, அதில் அந்தக் கட்டளையை உங்கள் கையாலேயே இயக்கவைப்பதுதான் நோக்கம். எந்த உண்மையான சரிபார்ப்பும் இவ்விசைகளை அழுத்தச் சொல்லாது. வரலாறு இயங்கிக்கொண்டிருந்தால் இங்கே ஒரு நன்மை உண்டு: விண்டோஸ் விசையோடு வி அழுத்திப் பாருங்கள், நீங்கள் அறியாமல் வந்து உட்கார்ந்த அந்தக் கட்டளை பட்டியலின் உச்சியில் தெரியும். பார்த்துவிட்டு அதை அழித்து, பக்கத்தையும் மூடிவிடுங்கள்.

அலுவலகக் கணினியில் வரலாற்றை இயக்கும் பொத்தான் மங்கலாக இருக்கிறது, தொட முடியவில்லை.

உங்கள் அலுவலகத்தின் கணினி நிர்வாகி கொள்கை அளவில் அதை நிறுத்திவைத்திருக்கிறார். சில அமைப்புகளை நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வாசகமும் அந்தப் பக்கத்தில் தெரியும். குறுக்கு வழி கேட்காதீர்கள், நானும் சொல்லமாட்டேன். வேர்டு, எக்செலுக்குள் உள்ள 24 உருப்படிப் பலகம் அங்கே இயங்குகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் நிர்வாகியிடம் எழுதிக் கேளுங்கள்.

பட்டியலை அழிப்பது எப்படி?

விண்டோஸ் விசையோடு வி அழுத்தினால் மேலே எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் அழிக்க, அந்த உருப்படியின் மூன்று புள்ளிகளையோ குப்பைத்தொட்டிக் குறியையோ தொடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு இது மாறும். பின் குத்தியவற்றைப் பின் எடுத்துவிட்டு அழிக்கவேண்டும். டிட்டோவில் உருப்படியைத் தேர்ந்தெடுத்து டிலீட் விசையை அழுத்தினால் போதும். வரலாறே வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் அதே கிளிப்போர்டு பக்கத்தில் பொத்தானை அணைத்துவிடுங்கள். கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி இரண்டும் எப்போதும்போல வேலை செய்யும்.